பிள்ளை சாப்பிட மறுக்கிறாள்: முதலில் அக்குபஞ்சரா, ஆசாரிபள்ளமா?

பிளஸ் டூ படிக்கும் மகள் ஆறு மாதமாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். சீருடை தொளதொளவென்று தொங்குகிறது, மாதவிலக்கு நின்று மூன்று மாதம் ஆகிறது. குமரி மாவட்டத்தில் இப்படி ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. மைனி அக்குபஞ்சர் பார்க்கச் சொல்லுவார், பக்கத்து வீட்டுக்காரர் வர்ம ஆசானைச் சொல்லுவார், சித்தப்பா கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரிக்குப் போகச் சொல்லுவார். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை யாரும் முதலில் வாயால் சொல்லமாட்டார்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறவன். "அண்ணே, அவ ஒண்ணும் திங்கமாட்டேங்கா, பசி எடுக்க நல்ல டானிக் ஒண்ணு தாங்க" என்று வருகிற அம்மாக்களிடம் பேசிப் பேசி, இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்கு வைத்தியம் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். உணவுக் கோளாறு என்ற மனநோய்க்குத்தான், அதில் முக்கியமானவை மூன்று. அனரெக்சியா என்றால் எடை அபாயமாகக் குறைந்த பிறகும் சாப்பிட மறுப்பது. புலிமியா என்றால் கட்டுப்பாடின்றி நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுத்தோ மலமிளக்கி விழுங்கியோ அதை வெளியேற்றுவது. வெளியேற்றாமல் அடிக்கடி மிதமிஞ்சி உண்பது மூன்றாவது வகை. புலிமியாக்காரர் பெரும்பாலும் பார்க்கச் சாதாரண எடையில்தான் இருப்பார், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. கடையில் இருக்கிற எங்களுக்குச் சில நேரம் முன்னாடியே தெரிந்துவிடும். ஒரே கல்லூரிப் பெண் வாரத்துக்கு இரண்டு தடவை மலச்சிக்கல் மாத்திரை வாங்குவாள், ஒவ்வொரு தடவையும் "பாட்டிக்கு" என்பாள். காசு நீட்டும்போது விரல் முட்டியில் பல் பட்டுக் காய்ப்பேறிய தழும்பு தெரியும். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுப்பவர்களுக்கு வரும் தழும்பு அது. பையன்களும் உண்டு. ஜிம்முக்குப் போகிறேன் என்று சோறு, கிழங்கு, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புரோட்டீன் பவுடரில் வாழ்கிறவர்களில் சிலருக்கு இதே நோய்தான். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன், மாலை போட்டிருக்கிறேன் என்று நோன்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. ஈஸ்டர் முடிந்து ஒரு மாதமாகியும் ஒருசந்தி முடியவில்லை என்றால் வீட்டார் விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளைத் திசை திருப்புவது இன்னொரு விஷயம். பல பிள்ளைகள் "எனக்குக் குண்டாகப் பயமாக இருக்கு" என்று சொல்வதே இல்லை. "வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு", "ரெண்டு வாய் தின்னா உப்பிக்கொள்ளுது" என்றுதான் சொல்வார்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் 70 அனரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் பருமன் பயத்தைச் சொல்லவே இல்லை, பலர் சொன்னது வயிற்று உப்புசத்தைத்தான். பொய்யும் சொல்லவில்லை. பட்டினி கிடக்கும் உடம்பில் இரைப்பை காலியாவது மெதுவாகிவிடும், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டதுபோல இருக்கும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களில்தான் அது சரியாகும். ஆனால் வீட்டுக்குக் காதில் விழுவது "வயிற்றுக் கோளாறு" என்பதுதான். உடனே வயிற்றுக்கு வைத்தியம் தேடிப் போகிறோம்.

அங்கேதான் அக்குபஞ்சரைத் தந்த கிழக்காசிய மருத்துவம் கச்சிதமாக வந்து பொருந்துகிறது. சீன மரபில் செரிமானத்தின் ஆதாரம் மண்ணீரலும் வயிறும். 13ஆம் நூற்றாண்டில் லீ டோங்யுவான் என்ற வைத்தியர், இந்த இரண்டும் பலவீனப்படுவதே பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்று ஒரு மருத்துவ மரபையே கட்டினார். ஓயாத சிந்தனை மண்ணீரலைக் கெடுக்கும், அடக்கிய கோபம் கல்லீரலின் ஓட்டத்தைத் தடுத்து வயிற்றைத் தாக்கும் என்பது அவர்கள் கணக்கு. தேர்வு பயத்தில் வாடும் பெண்ணைக் கூட்டிப் போனால் வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "இவ ரொம்ப யோசிக்கிறா, அது வயித்தைப் பிடிச்சிருக்கு" என்பார். அம்மாவுக்குக் கண் கலங்கும். வீட்டில் யாரும் கேட்காததை ஒருவர் கேட்டுவிட்டார். 'மனநோய்' என்ற பேரும் விழவில்லை, கல்யாணம் பேசும்போது யாருக்கும் தெரியவும் போவதில்லை. இந்த ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அரை மணி நேரம் பொறுமையாகக் காது கொடுக்கும் ஆள் என்பது நம் மருத்துவமனை வரிசைகளில் கிடைக்காத பொருள்.

சரி, பலன் உண்டா? குமட்டலுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலை மணிக்கட்டின் உட்புறத்தில் நெய்குவான் என்ற அக்குபஞ்சர் புள்ளியைத் தூண்டுவது குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவுக் கோளாறுக்கு வந்தால் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் 26 அனரெக்சியா நோயாளிகளை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஊசி, இன்னொரு குழுவுக்கு விரல் அழுத்தமும் மென்மையான நீவலும். இரு குழுவினரும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சிகிச்சைக்கு மேல் கூடுதலாகத்தான் இதைப் பெற்றார்கள். அமைதி கிடைத்தது, அக்கறையாகக் கவனித்தார்கள் என்று நோயாளிகள் சொன்னார்கள். ஊசி மட்டும் தனியாக நோயைக் குணமாக்கியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பிரிட்டனின் தேசிய சிகிச்சை வழிகாட்டி (2017) இன்னும் கறாராக, உணவுக் கோளாறுக்கான சிகிச்சையின் பகுதியாக அக்குபஞ்சரைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அக்குபஞ்சர் பிறந்த நாட்டிலேயே பார்ப்போம். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஆறாவது மருத்துவமனையிலும் ஷாங்காய் மனநல மையத்திலும் உணவுக் கோளாறுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். ஊசி போதும் என்றால் அந்தப் பிரிவுகளுக்கு வேலையே இருந்திருக்காது.

நம்மூர் அக்குபஞ்சரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் பரவியிருப்பதில் பெரும்பகுதி, ஊசியே இல்லாமல் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடும் முறை. அதனோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாழ்க்கைமுறை போதனையும் வரும். பசித்தால் மட்டும் சாப்பிடு, பசி இல்லையென்றால் ஒரு வேளை விடு, உடம்புக்கு எல்லாம் தெரியும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்து. மூக்குமுட்டச் சாப்பிட்டு ஏப்பம் விடும் ஐம்பது வயதுக்காரருக்கு அது நல்ல புத்திமதியாகவே இருக்கலாம். அனரெக்சியா உள்ள பிள்ளைக்கு அதைச் சொன்னால், அவள் நோய் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதையே வைத்தியரும் வழிமொழிகிறார் என்று ஆகும். இந்த நோயில் பசி என்ற அறிவிப்பை நம்பிச் சாப்பிட முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அனரெக்சியா நோயாளிகளின் இரத்தத்தில் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. உடம்பு கத்திக்கொண்டுதான் இருக்கிறது, அது உண்ணும் செயலாக மாறவில்லை. அதனால் பசி வரட்டும் என்று காத்திருக்கும் எந்த முறையும் இங்கே தோற்கும், அது சீனத்திலிருந்து வந்தாலும் சரி, நான் விற்கும் பசி சிரப்பாக இருந்தாலும் சரி.

ஊசியைவிட எனக்குப் பயம் தருவது மூலிகை. ஜப்பானின் காம்போ மருத்துவத்தில் ரிக்குன்ஷிதோ என்ற கலவையைச் செரிமான மந்தத்துக்குக் கொடுப்பார்கள். அங்கே இத்தகைய 148 கலவைகளுக்கு அரசுக் காப்பீடே உண்டு, மருத்துவர்கள்தான் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கலவையில் அதிமதுரம் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக்கடைகளில் குச்சியாகக் கிடக்கும் அதே அதிமதுரம்தான், சீனத்துக் கலவைகளில் பாதிக்கு மேல் அது இல்லாமல் நடக்காது. தொண்டைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்து எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். வாந்தியும் மலமிளக்கியுமாக ஏற்கெனவே பொட்டாசியத்தை இழந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போவதற்கு அந்தக் கூடுதல் குறைவே போதும். அதேபோல 'ஸ்லிம்மிங் டீ' என்று ஆன்லைனில் வருபவற்றில் பலவற்றின் சாரம் நிலவாகை இலை, சுத்தமான மலமிளக்கி. மா ஹுவாங் என்ற சீன மூலிகை பசியை அடக்கும், இதயத்தை விரட்டும். அது கலந்த சத்துப்பொருள்களை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. பெல்ஜியத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடை குறைக்கப் போன பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா என்ற வேறொரு செடி கலந்துவிட்டது. பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 'இயற்கைதானே, பக்கவிளைவு இல்லை' என்று என் கடை வாசலில் யாராவது சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பெண்கள்தான்.

சித்த, ஆயுர்வேத வழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியிலோ முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியிலோ முறையாகப் படித்த மருத்துவர் பார்த்தால், எடையும் நாடித்துடிப்பும் சரியில்லை என்று கண்டதும் அவரே ஆசாரிபள்ளத்துக்கு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. வமனம், விரேசனம் என்ற வாந்தி, பேதி சிகிச்சைகள் மட்டும் இந்த நோயாளிக்குக் கூடவே கூடாது, வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வர்ம ஆசான்கள் தசைப் பிடிப்புக்கும் அடிபட்டதற்கும் கைராசிக்காரர்கள். இதற்கு அவர்களிடம் போவதில் நேரம்தான் கழியும்.

அப்புறம் மருத்துவமனை. ஆசாரிபள்ளத்துக்கோ, பக்கத்திலுள்ள நல்ல பொது மருத்துவரிடமோ முதலில் போகச் சொல்வது, அங்கே போனால் எல்லாம் குணமாகிவிடும் என்பதற்காக அல்ல. ஒரே நாளில் சில விஷயங்கள் தெரிந்துவிடும் என்பதற்காக. படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும், ஒரு இசிஜி, இரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம். தைராய்டு, காசநோய், முதல் வகைச் சர்க்கரை நோய் இவையெல்லாம் எடையைக் கரைக்கும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவார்கள். விழித்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்தால் மயக்கம் வந்தாலோ, பொட்டாசியம் குறைந்திருந்தாலோ பேச்சே இல்லை, படுக்கையில் சேர்க்க வேண்டும். ஊசியா, மாத்திரையா என்ற விவாதம் அப்புறம்.

இங்கே வீட்டார் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், செல்கள் பாஸ்பேட்டை உள்ளிழுத்துக்கொண்டு இரத்தத்தில் அது சடாரென்று விழும். இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். 'கஷாயம் குடிச்சாள், பசி வந்துட்டு, வயிறார மீன்குழம்பும் மரச்சீனியும் போட்டேன்' என்பது கேட்க இனிமையான வெற்றிக்கதை. மிக மெலிந்த பிள்ளை விஷயத்தில் முதல் வாரச் சாப்பாடு மருத்துவர் கணக்கில், தயமின் வைட்டமினோடு, இரத்தப் பரிசோதனையோடு ஏற வேண்டும்.

மருத்துவமனையின் குறையையும் சொல்ல வேண்டும். உணவுக் கோளாறுக்கென்று தனிப் பிரிவு குமரி மாவட்டத்தில் எதிர்பார்க்க முடியாது. மனநலப் பிரிவில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு மாத்திரை எழுதினால் பிள்ளை மறுபடி அந்தப் படி ஏறமாட்டாள். அதுவும் போக, அனரெக்சியாவில் எடையை மீட்டுத் தரும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. புலிமியாவில் மாத்திரைக்கு இடம் உண்டு. ஃப்ளுவாக்ஸெடின் 60 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள், ஆனால் அதற்கும் முதல் சிகிச்சை, நினைப்பையும் பழக்கத்தையும் திருத்தும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைதான், சுமார் 20 அமர்வு.

வளரிளம் பருவத்து அனரெக்சியாவுக்கு இன்று வலுவான ஆதாரம் உள்ள வழி பெற்றோரை வைத்துச் செய்வது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை. பிள்ளை எதை, எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவைச் சில மாதங்களுக்கு அம்மா அப்பா கையில் எடுத்துக்கொள்கிறார்கள், எடை ஏற ஏறப் படிப்படியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 121 வளரிளம் நோயாளிகளை வைத்து நடந்து 2010இல் வெளியான ஒப்பீட்டில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுதாகத் தேறியிருந்தவர்கள் குடும்பச் சிகிச்சையில் 49 சதவீதம், தனியாளுக்குக் கொடுத்த சிகிச்சையில் 23 சதவீதம். பாதிப்பேர்தானே என்று தோன்றும். இந்த நோயில் அது பெரிய எண்.

நம் வீட்டில் அது எப்படி இருக்கும்? காலையில் இரண்டு புட்டு, கடலை, ஒரு ஏத்தன்பழம், ஒரு தம்ளர் பால். அம்மா பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்காருவார். பிள்ளை புட்டை உதிர்த்து உதிர்த்துத் தட்டு முழுக்கப் பரப்புவாள், தேங்காய்ப்பூவை மட்டும் தனியாக ஒதுக்குவாள், பழத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளப் பார்ப்பாள். "சாப்பிடு மக்களே, நான் இங்கதான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். கலோரிக் கணக்கு, கெஞ்சல், மிரட்டல் எதுவும் உதவாது. முக்கால் மணி நேரம் ஆகலாம். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் குளியலறைப் பக்கம் விடக்கூடாது. இது ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை, மாதக்கணக்கில். அப்பா துபாயிலோ ஆழ்கடலிலோ இருக்கும் வீடுகள் இங்கே அதிகம் என்பதால் சித்தியோ ஆச்சியோ ஒரு வேளையை ஏற்க வேண்டியிருக்கும், வளைகுடாவிலிருந்து அப்பா வீடியோ அழைப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். "ஒரு நேரம் திங்காட்டா என்ன, விடு" என்று சொல்லும் ஆச்சியை மட்டும் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

இதை வழிநடத்தும் ஆள் நாகர்கோவிலில் கிடைக்கவில்லை என்றால் திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். சிக்கலான நிலை என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி மருத்துவமனைகள். பயிற்சி பெற்ற உளவியலாளர் வீடியோவில் வழிநடத்தி, எடையும் இரத்தமும் இங்கேயே உள்ளூர் மருத்துவர் பார்த்தாலும் நடக்கும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம், எந்த நேரமும்.

ஆக, என் முடிவு இது: இந்த வாரம் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும், அடுத்த வாரத்துக்குள் மனநல மருத்துவரும் வீட்டுச் சாப்பாட்டு ஏற்பாடும். எடை ஏறத் தொடங்கிய பிறகு, பிள்ளையே விரும்பினால், வாரம் ஒரு நாள் அக்குபஞ்சருக்குப் போகலாம். சாப்பாட்டுக்கு முன் வரும் பதற்றம் அடங்க, தூக்கம் வர, அந்த அரை மணி நேர அமைதி உதவினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். துடிப்பு குறைந்த பிள்ளை ஊசியில் மயங்கி விழலாம், மெலிந்த உடம்பில் நெஞ்சிலும் முதுகிலும் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்தும் அதிகம்.

போவதற்கு முன் அக்குபஞ்சர்காரரிடம் பிள்ளை இல்லாத நேரத்தில் போய்ப் பேசுங்கள். "பசி இல்லாவிட்டாலும் இவள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று நீங்களும் அவளிடம் சொல்லுவீர்களா?" என்று கேளுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லமாட்டேன், பொடியோ கஷாயமோ தரமாட்டேன், விரதம் சொல்லமாட்டேன், ஊசி என்றால் ஒரு தடவை பயன்படுத்தியதை எறிந்துவிடுவேன் என்பதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல வைத்தியர் சட்டென்று ஒப்புக்கொள்வார், எடைச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். "உடம்புக்குத் தெரியும்மா, கட்டாயப்படுத்தாதீங்க" என்று ஆரம்பித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிள்ளை எதற்குமே வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் நீங்கள் மட்டும் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். குடும்பச் சிகிச்சை அவள் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கக்கூடியது. மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் மட்டும் அவள் மறுத்தாலும் 108ஐக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.